அடுப்படிக்கு ஆள் தேவை

கதவிடுக்கில் போர்வையைச் சுருட்டி அடைத்து, அதன்மேல் மனைவி உட்கார்ந்திருந்தாள். அடுப்பை ஒட்டி மாமனார். கவிழ்த்த வாளியின்மேல் குமாஸ்தா. விறகு மிச்சமாகட்டும் என்று மற்ற அறைகளைச் சாத்திவிட்டதால், குளிர் முடியும்வரை அடுப்படிதான் வீடு.

நான்கு பிள்ளைகளோடு வந்து தங்கலாமா என்று தங்கை கேட்டிருந்தாள். ‘இங்கே குளிர் தாங்காது’ என்று எழுதத் தொடங்கிய குமாஸ்தாவுக்கு அதற்குமேல் கை வரவில்லை.

“ஊரு உலகத்துக்கெல்லாம் மனு எழுதுறீங்க, கூடப்பிறந்தவளுக்கு நாலு வரி வரலையா?” என்றாள் மனைவி.

அப்போது மாடிவீட்டுத் தையல்காரர் குடும்பத்தோடு குளிர்காய வந்தார். வந்த ஐந்து பேரும் இடித்துப்பிடித்து உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் மாமனார் மப்ளரைக் கழற்றினார். குமாஸ்தா சுவரிலிருந்த வெப்பமானியைப் பார்த்தார்; மூன்று டிகிரி ஏறியிருந்தது.

“கொஞ்சம் வெளிய நில்லுங்கண்ணே, எல்லாரும்.”

“வந்தவங்களைத் துரத்துறீங்களே மாப்பிள்ளை!”

“சோதிச்சுப் பார்க்கணும் மாமா.”

அவர்கள் வெளியே போனதும் வெப்பமானி இறங்கியது. நடுங்கிக்கொண்டு திரும்பியதும் ஏறியது. குமாஸ்தா எழுதியதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: ‘உடனே வா. நான்கு பிள்ளைகளோடு உன் வீட்டுக்காரரையும் அழைத்து வா. நல்ல பருத்த உடம்புக்காரர், விட்டுவிடாதே.’

உறையை நாக்கால் தடவி ஒட்டி, தையல்காரரிடம் கொடுத்துத் தபால்பெட்டிக்கு அனுப்பினார்.