எட்டுக்கும் பத்துக்கும் நடுவே

ஸ்டூலை எங்கே வைப்பதென்று தெரியாமல், அதைக் கையில் பிடித்தபடி அவன் ஆலயத்தின் நடுவில் நின்றான். பக்கத்தில் தள்ளுவண்டிமேல் அப்பாவின் சவப்பெட்டி.

அலமாரிக் கதவின் உட்புறம் அப்பா ஒட்டியிருந்த தாளில் வேலைகள் வரிசையாக இருந்தன. மெழுகுவர்த்தித் தண்டு ஆறும் உள்ளே. தூபக் கலசம், சூடு ஆறும்வரை தொடாதே. மேசை விரிப்பு, மடிப்பு மாறாமல். முழங்கால் மெத்தைகள் பெஞ்சுக்கு அடியில். ஆறாவது வரை எல்லாம் முடித்துவிட்டான். எட்டாவது, டிரம்ஸ். ஒன்பதாவது, மைக். ஏழாவதில் ‘ஸ்டூல்’ என்று மட்டும் இருந்தது. எங்கிருந்து எங்கே என்று இல்லை. சாமான் அறையில் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று கிடந்தது, தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஞாயிறு காலையில் ஒரே ஆலயம், ஒரே புத்தகம், இரண்டு கூட்டம். எட்டு மணிக்காரர்களுக்குப் புகை வேண்டும், மணி வேண்டும், மண்டியிட வேண்டும். குருவானவர் அவர்களுக்கு ‘ஃபாதர்’. பத்து மணிக்காரர்கள் கைதட்டிப் பாடுவார்கள். மெழுகுவர்த்தியைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். அதே மனிதர் உடுப்பு மாற்றி வந்தால் ‘பாஸ்டர்’. ஒன்றை அகற்றி மற்றதை வைக்க நாற்பது நிமிடம். முப்பது வருடம் அதை ஒற்றை ஆளாகச் செய்த அப்பாவுக்கு ‘நாற்பது நிமிஷம்’ என்றே பட்டப்பெயர்.

அவன் ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. ராத்திரி ஷிப்டு முடித்து, ஞாயிறு காலையில் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறவன். வெள்ளிக்கிழமை விடியலில் ஆஸ்பத்திரியில் அப்பா போனபோதும் வேலையில்தான் இருந்தான்.

இடைவேளையில் அடக்க ஆராதனை வைத்தால் இரண்டு கூட்டமும் இருக்குமென்று கணக்குப் போட்டது அவன்தான். யாராவது ஒருவர், ‘எங்க ஆளு’ என்று அப்பாவைச் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

சற்றுமுன் வாசலில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இருந்துட்டுப் போங்கம்மா. இருபது நிமிஷம்தான்.”

“இருக்கலாம்ப்பா. ஆனா அவர் பத்து மணிக்காரராச்சே. அவங்க பாட்டு கீட்டுன்னு வச்சிருப்பாங்க. நடுவுல நாங்க நின்னா நல்லாவா இருக்கும்?”

“பத்து மணிக்காரர்னு யார் சொன்னா?”

“எங்ககூட ஒரு நாளும் மண்டி போட்டதில்லையேப்பா.”

கூட்டம் கலைந்தது. பத்து மணிப் பாட்டுக்குப் பொறுப்பான தையற்காரருக்குப் போன் போட்டான்.

“ஐயையோ, எட்டு மணிக்காரங்க எடுத்துச் செய்வாங்கன்னுல்ல நெனச்சோம்! எங்க ஆராதனையில அவர் கை நீட்டி அப்பம் வாங்கி நான் பாத்ததே இல்ல தம்பி. நாங்க வழக்கம்போல பத்துக்கு வந்துடுறோம்.”

இரண்டு வீட்டுக்குப் பொது விருந்தாளி பட்டினி கிடந்த கதைதான்.

உள்ளிருந்து குருவானவர் வந்தார். அங்கியைக் கழற்றியிருந்தார், கசங்கிய கறுப்புச் சட்டை. கையில் வெள்ளிக் கிண்ணம்.

“தம்பி, எந்த முறையில பண்ணட்டும்? அவர் ஆத்துமாவுக்காக ஜெபிக்கணுமா, நன்றி மட்டும் சொன்னா போதுமா? அதுக்குத் தகுந்த உடுப்பு போடணும்.”

“அப்பா எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது ஐயா. ரெண்டு கூட்டத்துக்கும் தெரியல.”

குருவானவர் ஸ்டூலைப் பார்த்தார். “அதை எதுக்கு இங்க கொண்டுவந்தீங்க?”

“தாள்ல போட்டிருக்கு. ஏழாவது.”

அவர் சாமான் அறைப் பக்கம் திரும்பினார். “உள்ள வாங்க. அதையும் எடுத்துக்கிட்டு.”

தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் நான்கு கால்களின் தழும்பு இருந்தது. ஸ்டூல் அதில் சரியாகப் பொருந்தியது.

“உக்காருங்க. திருவிருந்துல மிஞ்சின அப்பம், திராட்சரசத்தைக் கொட்டக் கூடாது. பூட்டி வச்சுக்கணும்னு எட்டு மணிக்காரங்க. வைக்கவே கூடாதுன்னு பத்து மணிக்காரங்க. சாப்பிட்டுத் தீர்த்துட்டா சண்டையே இல்லையேன்னாரு உங்கப்பா. வாராவாரம் இங்கதான். நான் நின்னுக்கிட்டு, அவர் உக்காந்துக்கிட்டு. மூட்டுவலி.”

“ஜெபம் ஏதாவது சொல்வாரா?”

“பேச்சே கிடையாது. என்னைக்காவது, ‘புளிக்குது ஐயா, கடையை மாத்துங்க’ம்பாரு.”

கிண்ணம் அவன் முன் நீண்டது. அடியில் இரண்டு வாய் இருந்தது. ஒன்றை அவன் குடித்தான். புளிக்கத்தான் செய்தது. மற்றதைக் குருவானவர் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவினார்.

“உடுப்பு?”

“இப்படியே வாங்க ஐயா.”

மேசைமேல் மெழுகுவர்த்தியும் இல்லை, மைக்கும் இல்லை. ஆமென் சொல்ல அவனும் சவவண்டி ஓட்டுநரும் மட்டும். ஓட்டுநர் இரண்டு முறை தப்பான இடத்தில் சொன்னார். யாரும் திருத்தவில்லை.

“நீங்க முன்னால போங்க. பத்து மணியை முடிச்சுட்டுக் கல்லறைக்கு வந்துடுறேன்” என்றார் குருவானவர்.

பெட்டியைச் சவவண்டியில் ஏற்றிவிட்டு அவன் திரும்பி உள்ளே வந்தான். டிரம்ஸை உருட்டி வைத்தான். மைக்கை நிறுத்தினான். டிரம்ஸ் வாசிக்கும் மெக்கானிக் சீக்கிரமே வந்து, சாமான் அறையை எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, என் சீட்டு ஆடுது. இந்த ஸ்டூலை எடுத்துக்கட்டா?”

“அது வேண்டாம். அது இங்க இருக்கட்டும்.”

தாளில் பத்தாவது, ‘கதவைத் திற’. திறந்தான். பத்து மணிக்காரர்கள் குடையும் புத்தகமுமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வழிவிட்டு, வண்டி சுவரோரமாக ஒதுங்கி நின்றது.