மூணாம் நம்பர் மஞ்சள்

எனக்குக் கோபம் மூக்கு மேல இருக்கும். பெயிண்ட் கடையில எனக்கு வெச்ச பேரே மிளகாய்தான். இருபத்தெட்டு வருஷமா சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். என் பெண்டாட்டி அந்தக் கடையிலயே கலர் கலக்குறவ. பேர்ந்த சுவர்த்துண்டு ஒண்ணைக் கொண்டுவந்து 'இதே கலர் வேணும்'னு யாராவது நின்னா, மெஷினை விட்டுட்டு அவளைத்தான் கூப்பிடுவாங்க. இதுல நாலு சொட்டு, அதுல ரெண்டு சொட்டுன்னு விட்டு, குச்சியால கலக்கிக் குடுத்துடுவா. காய்ஞ்சப்புறம் எது பழசு எது புதுசுன்னு அந்தச் சுவருக்கே தெரியாது.

அவளுக்குப் பித்தநாளத்துல புற்றுநோய்னு சொல்லி ஒண்ணேகால் வருஷம் ஆச்சு. ஈரல்ல இருந்து பித்தம் இறங்குற வழி அது. அங்க அடைச்சா பித்தம் ரத்தத்துல கலந்து ஆளே மஞ்சளாயிடும். கத்தி வைக்கிற கட்டம் தாண்டிடுச்சுன்னாங்க. மருந்து ஏத்தினாங்க, அதுவும் கேட்கலை. பித்தம் இறங்க உள்ளே ஒரு சின்னக் குழாய் வெச்சாங்க. அது அடைச்சுது, மாத்தினாங்க. திரும்ப அடைச்சுது, திரும்ப மாத்தினாங்க. கடைசித் தடவை வார்டுல பதினோரு நாள் கிடந்தோம்.

வீட்டுக்கு அனுப்பறப்ப டாக்டரம்மா, "கண்ணுல மஞ்சள் கூடினாலோ குளிர்காய்ச்சல் வந்தாலோ உடனே கூட்டிட்டு வாங்க"ன்னாங்க. எவ்வளவு கூடினான்னு கேட்டேன். பார்த்தாலே தெரியும்னாங்க. பார்த்தாலே தெரியும்கிற பேச்சே எங்க தொழில்ல கிடையாது. வீட்டுக்கு வந்ததும், கடையில கலர் காட்டுற ஷேட் கார்டு ஒண்ணை எடுத்தேன். மஞ்சள் வரிசை, வெளிர்ல தொடங்கி அழுத்தம் வரைக்கும் எட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஒரு நம்பர். தினம் காலையில அவளை ஜன்னல்கிட்ட உட்கார வெச்சு, கீழ் இமையை இழுத்து, வெள்ளைவிழிப் பக்கத்துல கார்டைப் பிடிப்பேன். முதல் நாள் மூணாம் நம்பர்.

"விரிசலும் இருக்கு பாருங்க, அப்படியே பட்டி பார்த்துடுங்க"ன்னு சிரிப்பா.

பதினெட்டு நாள் ஓடுச்சு. பதினெட்டு நாளும் மூணுதான். சந்தோஷத்துல எனக்குத் தலைகால் புரியலை. கடையில போய், "பார்த்தீங்களா, நின்னுடுச்சு"ன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அவ சாப்பாட்டைக் குறைச்சா, பசியில்லைன்னா. கையைச் சொறிஞ்சுக்கிட்டே இருந்தா, தோல் வறட்சின்னா. நான் எண்ணெய் தடவி விட்டேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்லுவாங்க. எங்க வீட்டுல தலைகீழ். காமாலை அவளுக்கு, கண்ணு அவிஞ்சது எனக்கு.

பத்தொன்பதாம் நாள் டீச்சரம்மா ஒருத்தங்க வீட்டுல வேலை. அவசரத்துல வேலைக் கார்டுன்னு நினைச்சு, அவ கண்ணுக்குப் பிடிக்கிற கார்டைச் சட்டைப் பையில போட்டுட்டுப் போயிட்டேன். டீச்சரம்மா அதைப் பார்த்து மூணாம் நம்பர் மஞ்சள்தான் வேணும்னாங்க. கடையில மூணுன்னு சொல்லி வாங்கிவந்து ஒரு பக்கம் அடிச்சேன். காய்ஞ்சதும் டீச்சரம்மா இடுப்புல கை வெச்சு நின்னுட்டாங்க.

"நான் காட்டினது இதைவிட அழுத்தமா இருந்துச்சே."

சுவர்மேல கார்டை வெச்சுப் பார்த்தேன். உண்மைதான். கோபம் உச்சிக்கு ஏறிடுச்சு. டப்பாவைத் தூக்கிட்டுக் கடைக்குப் போய், மூணுக்கும் ஒண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் மெஷின்ல ஏன் கை வைக்கிறீங்கன்னு கத்தினேன். முதலாளி டப்பாவைத் திறந்து பார்த்தார். புதுக் கார்டு ஒண்ணை எடுத்து என் கார்டுக்குப் பக்கத்துல வெச்சார். மெஷின் மேல தப்பே இல்லை. என் கார்டுல மூணுன்னு போட்டிருந்த கட்டத்துல இருந்தது அஞ்சாம் நம்பர் மஞ்சள்.

நகத்தால ஓரத்தைச் சுரண்டினேன். மேல ஒரு தோல் உரிஞ்சு வந்துச்சு. அடியில நிஜ மூணு. ஒவ்வொரு கட்டத்து மேலயும் வேற கார்டுத் துண்டை அளவு பிசகாம வெட்டி ஒட்டியிருந்துச்சு. அந்த நறுவிசு யாருக்கு வரும்? கடையில நிக்க முடியலை. டீச்சரம்மாவையும் மறந்து வீட்டுக்கு ஓடினேன்.

அவ படுத்திருந்தா. மச்சான், அதாவது அவ தம்பி, பக்கத்துல உட்கார்ந்து கால் அமுக்கிட்டிருந்தான். வாடகைக் கார் ஓட்டுறவன். நான் வேலைக்குப் போனா அவன்தான் துணை. ரெண்டு கார்டையும் போர்வை மேல போட்டேன். அவன் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிச்சான். கார்டெல்லாம் வாங்கி வந்து குடுத்தது யாருன்னு அப்பவே புரிஞ்சுது.

அவ மட்டும் பதறலை. "ஒட்டினது தெரிஞ்சுதா?"ன்னா.

"தெரியலை. டீச்சரம்மா சுவர் சொல்லிச்சு."

"தெரியாது"ன்னு சொல்லி லேசாச் சிரிச்சா. சாகக் கிடக்கிறப்பவும் தொழில் கர்வம்.

புதுக் கார்டைக் கண்ணுப் பக்கத்துல வெச்சேன். மூணு இல்லை, நாலு இல்லை. அஞ்சையும் தாண்டி ஆறு. நெத்தியில கை வெச்சா கொதிக்குது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். குழாய் அடைச்சிருக்கும்னாங்க. வந்தா விலா வழியா வெளியே குழாய் விட்டுப் பை மாட்டிப் பார்க்கலாம், ஆனா ஈரல் பூரா பரவிட்டதால அதிகபட்சம் ரெண்டு மூணு வாரம், அதுவும் வார்டுலதான் இருக்கணும்னாங்க. வர இஷ்டமில்லைன்னா வலி தெரியாம பார்த்துக்க வீட்டுக்கு நர்ஸை அனுப்புறேன்னும் சொன்னாங்க. அந்தக் கடைசி வார்த்தையை நான் காதுல போட்டுக்கலை.

"காரை எடுடா"ன்னேன். மச்சான் அக்காவைப் பார்த்துக்கிட்டே நின்னான். "எடுடான்னா நிக்கிறான். கூடப் பிறந்தவளைக் கொல்லுறதுக்கு நீயும் துணையா?" அவன் அழுதுட்டே வெளியே போனான். நான் அவ துணியையெல்லாம் பையில திணிச்சேன்.

"நான் வரலைங்க"ன்னா.

"உன்னைக் கேட்கலை."

"என்னைக்குக் கேட்டீங்க?"

கை அப்படியே நின்னுடுச்சு.

"போன தடவை வார்டுலேருந்து வந்தப்பவே சொன்னேன், போதும், இனி அங்க போகவேண்டாம்னு. என்ன பண்ணுனீங்க? தட்டைச் சுவத்துல எறிஞ்சீங்க. ரெண்டு நாள் பேசலை. அப்புறம் எங்கேருந்து வாய் திறக்குறது? சாகப் பயமில்லைங்க. உங்க சத்தத்துக்குத்தான் பயமா இருந்துச்சு."

இதைச் சொல்றப்ப அவ கோபப்படவே இல்லை. ஊசி எங்க குத்துச்சுன்னு நர்ஸ்கிட்ட காட்டுற மாதிரிதான் சொன்னா.

பையைக் கீழே வெச்சேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு என் அம்மாவே சொல்லியிருக்காங்க, சிரிச்சுட்டுப் போயிருக்கேன். உடம்பு அரிக்க அரிக்க, காய்ச்சலோட, என் பெண்டாட்டி உட்கார்ந்து, கண்ணுல மஞ்சள் கூடக் கூட கத்தரிக்கோலால கலரை வெட்டி ஒட்டியிருக்கா. எதுக்கு? வீட்டுல நிம்மதியா சாக. அதை என்கிட்ட கேட்டு வாங்க முடியாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. என்னை அறைஞ்சிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது.

வாசல்ல கார் சத்தம் கேட்டுச்சு. பையை மறுபடி பிடிச்சேன். பொய் சொல்லலை, அப்பவும் அவளைத் தூக்கிட்டுப் போயிடலாம்னுதான் மனசு சொல்லுச்சு. மூணு வாரம் பெரிசு. மூணு நாளே பெரிசு. அவ இல்லாத வீட்டுக்குள்ள நான் எப்படி வருவேன்? அப்புறம்தான் தோணுச்சு, இதெல்லாம் என் கணக்கு, அவளோடது இல்லைன்னு.

ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "காரை அணைச்சுட்டு உள்ளே வாப்பா"ன்னேன். அவனுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் பேசினேன். டாக்டரம்மாவுக்குத் திரும்பப் போன் போட்டேன். சாயங்காலமே நர்ஸ் வந்து, காய்ச்சலுக்கும் வலிக்கும் மருந்து குடுத்தாங்க. முறைப்படி கேட்கணும்னு சொல்லி, "ஆஸ்பத்திரிக்கு வேண்டாம்கிறது யார் முடிவு?"ன்னு கேட்டாங்க.

நான் வாயைத் திறந்து, மூடிக்கிட்டேன். "என் முடிவு"ன்னு அவளே சொன்னா.

நர்ஸ் போனதும் கட்டில் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "வேற என்னெல்லாம் என்கிட்ட சொல்லாம வெச்சிருக்கே?"ன்னேன். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தா, நம்பலாமா வேண்டாமான்னு. அப்புறம் மெதுவா ஆரம்பிச்சா. கல்யாணமான புதுசுல ஒரு நாள் நடந்ததுலேருந்து. எனக்கு அது ஞாபகம்கூட இல்லை. குறுக்கே பேசாம கேட்டேன்.

அதுக்கப்புறம் ஒன்பது நாள் இருந்தா. மருந்து மயக்கம் தெளியறப்பல்லாம் விட்ட இடத்துல இருந்து சொல்லுவா. இருபத்தாறு வருஷத்துப் பேச்சு. கேட்டு முடிக்க ஒன்பது நாள் பத்தலை.