இல்லைன்னு சொல்ல ஒரு ஆள்

எமனுக்கு வக்காலத்து வாங்கச் சொன்னாலும் வாங்குவேன் நான். நடுவர் போன் பண்ணி எந்த அணின்னு சொல்றாரோ, அந்த அணி. மாமியாரா மருமகளா, காதலா கடமையா, இட்லியா பரோட்டாவா, எல்லாத்துலயும் ரெண்டு பக்கமும் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கேன். பகல்ல ஸ்கூல்ல தமிழ் டீச்சர், சாயந்தரம் ஆனா பட்டிமன்றப் பேச்சாளர் ஆனந்தவள்ளி. என் வீட்டுக்காரர் மட்டும் எந்த மேடைக்கும் வரமாட்டாரு. வீட்ல ஓசியில கேட்கிறதே போதும்பாரு.

அப்படிப்பட்டவளுக்கு, சித்திரை ஒண்ணாம் தேதி கைலாசபுரம் டவுன்ஷிப்புல பேசப் போற தலைப்பைக் கேட்டதும் போனை வச்சுடலாமான்னு இருந்துச்சு. ‘ஏழையாய் வாழ எளிய இடம் பணக்கார நாடா, நம் நாடா?’ நடுவர் பீமராவ் ரிட்டயர்டு புரொபசர். போன்ல சிரிச்சுகிட்டே சொன்னாரு: “நீங்க பணக்கார நாடு அணிம்மா. எதிரணியில பெலிண்டா. உங்களுக்குத்தான் லண்டன் சமாச்சாரம் எல்லாம் அத்துப்படியாச்சே. தம்பி அங்க இருந்தவராச்சே.”

அத்துப்படிதான். அதான் வினையே.

என் தம்பி அன்புச்செல்வன் லண்டனுக்குப் படிக்கப் போனவன், அங்கயே தங்கிட்டான். போன வருஷம் தை மாசம் செத்தும் போயிட்டான். கல்யாணம் காட்சின்னு எதுவும் இல்லை. உடம்பை அங்கயே எரிச்சு, அஸ்தியை மட்டும் அவனோட ரூம்ல இருந்த ஜெகபர் சாதிக்னு ஒரு உறையூர்க்காரர் கொண்டு வந்தாரு. அம்மா மண்டபம் படித்துறையில இறங்கிக் காவேரியில கரைச்சோம். தூக்கத்துலயே ஹார்ட் அட்டாக், வலியே தெரியலன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கோம்.

எனக்கு நெஜம் தெரியும். ஏர்போர்ட் வாசல்ல வச்சு ஜெகபர் சாதிக் சொன்னாரு. அங்க சில வீடுகள்ல கரண்டுங்கிறது நம்ம போன் ரீசார்ஜ் மாதிரி, முன்னாடியே காசு போட்டு வைக்கணும். தீர்ந்துட்டா லைட்டும் போயிடும், ஹீட்டரும் போயிடும். இவனுக்கு வேலை போயி, அது தீர்ந்து, அந்தக் குளிர்ல நெஞ்சு பூரா சளி கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள காரியம் முடிஞ்சுடுச்சு. ஜெகபர் சாதிக் அப்ப வேற ஊர்ல வேலைக்குப் போயிருந்தாராம். “நான் இருந்திருந்தா போர்வையாவது போத்தியிருப்பேன்க்கா”ன்னு அழுதாரு.

ஆனா அம்மாவுக்குத் தெரிஞ்ச லண்டன் வேற. மூலத்தோப்புல எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, மாரியாயி மவன் வீட்டுக்குப் பச்சைக் கதவு, வாசல்ல ரோஜாச் செடின்னு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்தக் கதவு முன்னாடி நின்னுதான் வீடியோ கால் போடுவான். அது எவன் வீட்டுக் கதவோ. ரெண்டு தெரு தள்ளி இருந்த பங்களான்னு எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கான். “அம்மாகிட்ட சொல்லிடாதக்கா. கேட்டா அதுக்குச் சோறு இறங்காது. சத்தியம் பண்ணு”ன்னான். பண்ணினேன். “வந்து தொலைடா, கூழோ கஞ்சியோ குடிச்சுக்கலாம்”னு எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா. “எந்த மூஞ்சிய வச்சுகிட்டுக்கா வர்றது?”ன்னு கேட்பான். அந்த மூஞ்சிக்கு என்னடா குறைச்சல்னு திட்டுவேன். கடைசி வரைக்கும் வரலை.

உசுரோட வரலை. செத்தப்புறம் வர ஆரம்பிச்சுட்டான்.

சொன்னா டீச்சருக்கு மரை கழண்டுடுச்சுன்னு சொல்லுவீங்க. சொல்லிக்குங்க. சின்னப் பிள்ளையிலேர்ந்து அன்பு ஒரு டியூப்லைட். சினிமாக் கொட்டகையில எல்லாரும் சிரிச்சு ஓய்ஞ்ச பிறகு இவன் தனியா ஒரு சிரிப்புச் சிரிப்பான், முன்வரிசை ஆளுங்கல்லாம் திரும்பிப் பார்ப்பாங்க. அஸ்தி கரைச்ச அடுத்த மாசம் மணச்சநல்லூர்ல ஒரு விழாவுல பேசினேன். ஜோக் சொன்னேன். கூட்டம் சிரிச்சு அடங்குச்சு. அப்புறம் பின்னாடி கடைசி வரிசையிலேர்ந்து ஒத்தைச் சிரிப்பு. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் சேர்ல, கருப்பு ஜெர்கினைக் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டுகிட்டு, ரெண்டு கையையும் அக்குள்ல வச்சுகிட்டு உட்கார்ந்திருந்தான். அன்னைலேர்ந்து எந்த ஊர் மேடையில ஏறினாலும் அதே சேர், அதே ஜெர்கின். நான் யார்கிட்டயும் சொல்லலை. பேச்சு முடிஞ்சு இறங்கிப் போயிப் பார்த்தா சேர் காலியா இருக்கும்.

கைலாசபுரத்துக்கு அம்மா வராம இருந்தா தேவலைன்னு நினைச்சேன். எங்க வழக்கம் அப்படி, பக்கத்து ஊர்ல பேச்சுன்னா அம்மா முன்வரிசையில வந்து உட்கார்ந்துடும். வெயில் மண்டையப் பொளக்குது, நீ வீட்லயே இரும்மான்னு சொல்லிப் பார்த்தேன்.

“நம்ம அன்பு ஊரைப் பத்தியாமே இன்னைக்குப் பேச்சு. நான் வராம? அவன் ராசா மாதிரி வாழ்ந்ததை நாலு பேருக்குச் சொல்லு வள்ளி. பேரைச் சொல்லியே சொல்லு”ன்னுச்சு. புதுப் புடவை கட்டிகிட்டு, எனக்கு முன்னாடி கால் டாக்சியில ஏறி உட்கார்ந்துடுச்சு.

ஹால் நிறைஞ்ச கூட்டம். முதல்ல பெலிண்டா பேசினா. காலேஜ்ல பாடம் எடுக்கிறவ, அவ பேசினா கேஸ் போட்ட மாதிரி இருக்கும். “நடுவர் அவர்களே, நம்ம ஊர்ல பசிச்சா கோயில் அன்னதானம் இருக்கு, மாதா கோயில் இருக்கு, பள்ளிவாசல் கஞ்சி இருக்கு. எதுவும் இல்லைன்னாலும் பக்கத்து வீட்ல ஒரு கிண்ணம் குழம்பு கேட்கலாம். அந்த நாட்டுல பக்கத்து வீட்டுக்காரன் பேரே இவனுக்குத் தெரியாது. யார்கிட்ட கேட்பான்?”

எங்க அணி ஆளுங்க என்னைப் பார்த்தாங்க. எழுந்தேன். வழக்கமான சரக்கை எடுத்து விட்டேன். “எதிரணித் தோழிக்கு ஒண்ணு சொல்றேன். அந்த நாட்டுல ஏழையே கார்ல வந்துதான் இலவசச் சாப்பாடு வாங்குறான். நம்ம நாட்டுல? கார் வச்சிருக்கவன் ரேஷன் கடையில நிக்கிறான். எது ஏழை நாடு?”

ஹாலே குலுங்குச்சு. அம்மா பக்கத்துச் சேர்க்காரியைத் தொட்டுத் தொட்டுச் சிரிச்சுது. சிரிப்பு ஓயுற வரைக்கும் தண்ணி குடிக்கிற மாதிரி நின்னேன். ஓய்ஞ்சுது. நான் கடைசி வரிசையப் பார்த்தேன்.

இருந்தான். ஆனா சிரிக்கலை. மொத மொதல்ல சிரிக்கலை.

அடுத்த வரி மனப்பாடமா நாக்குல இருக்கு: ‘அங்க ஏழை வீட்லயும் ஹீட்டர் உண்டு நடுவர் அவர்களே.’ கைதட்டுக்குன்னே வச்சிருந்த வரி. ஆயிரம் மேடை கண்டவளுக்கு அந்த ஒரு வரி வாயில வரலை. அந்தச் சித்திரை வெயில் புழுக்கத்துல, கூட்டமே நோட்டீசை வச்சு விசிறிக்கிட்டு இருக்கு, அவன் மட்டும் பல்லைக் கடிச்சுகிட்டு நடுங்குறான். எனக்கு அவன் மேல கோபம் கோபமா வந்துச்சு. பெத்தவகிட்ட நடிச்சு, என்கிட்ட சத்தியம் வாங்கி, இப்ப வந்து உட்கார்ந்து என் வாயைப் பிடுங்குறியேடா பாவி.

“அங்க…”ன்னு ஆரம்பிச்சேன். “அங்க எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தாரு.”

அவ்வளவுதான். நாக்குல சனி உட்கார்ந்துடுச்சு.

“பகல் பூரா லைப்ரரியில உட்கார்ந்திருப்பாரு. படிக்க இல்லீங்க. அங்க சூடா இருக்கும். சாத்துற நேரத்துக்கு வெளிய அனுப்பிடுவாங்க. ரூமுக்கு வந்தா கரண்ட் இருக்காது. இருக்கிற சட்டை எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுகிட்டுப் படுப்பாரு. சர்ச்சுல டப்பாச் சாப்பாடு குடுப்பாங்க, அதைச் சுட வைக்க வழி இல்லாம அப்படியே திம்பாரு. நம்ம ஊர்ல பிச்சைக்காரன் கூட ஆறின சோத்தைத் தின்ன மாட்டேன்னு சண்டை போடுவான்.”

ஒருத்தர் ரெண்டு பேர் சிரிக்க ஆரம்பிச்சு நிறுத்திட்டாங்க. எங்க அணி ஆள் மேசையைத் தட்டிக் கைகாட்டுறாரு. சேம் சைடு கோல் போடுறோம்னு எனக்கே தெரியுது. மேடையில இதை விடக் கேவலம் கிடையாது, நேத்துப் பேச வந்த பிள்ளை கூடச் செய்யாது. நிறுத்த முடியலை.

“போட்டோ எடுத்தா நல்லாத்தான் இருப்பாரு. ஜெர்கின் இருக்கு, ஷூ இருக்கு, கையில போன் இருக்கு. ஏழைன்னு யாரும் சொல்ல முடியாது. அதான் கொடுமை. இங்க நான் ஏழைன்னு சொல்லிக்கலாம்ங்க, பக்கத்துல இருக்கவளும் ஏழைதானே. சுத்தி எல்லாம் ஜொலிக்கிற ஊர்ல போயி, நான் மட்டும் தோத்துட்டேன்னு எவன் சொல்லுவான்? ஊருக்கு போன் போட்டா, நீ ராசாடான்னு சொல்ற ஜனம். அதுகிட்ட எப்படிச் சொல்லுவான்? இல்லாதவன் ஏழை இல்லீங்க. இல்லைன்னு சொல்ல ஒரு ஆள் இல்லாதவன் இருக்கான் பாருங்க, அவன்தான் ஏழை. அந்த மனுஷன் ஞாயித்துக்கிழமை ஆனா அடுத்தவன் வீட்டு வாசல்ல நின்னுகிட்டு…”

பீமராவ் மணியை அடிச்சாரு. நேரம் ஆச்சுன்னு அடிக்கிற மணிதான். அந்த மணி மட்டும் அடிக்கலைன்னா பச்சைக் கதவையும் சொல்லியிருப்பேன். மீதியை முழுங்கிட்டு உட்கார்ந்துட்டேன். என் வாழ்க்கையில அவ்வளவு கைதட்டு வாங்கினதில்லை. பெலிண்டா கூட எழுந்து நின்னு தட்டினா. எனக்கு அவமானத்துல காது எரிஞ்சுது. “ரெண்டு அணியும் ஒரே பக்கம் பேசின முதல் பட்டிமன்றம் இது”ன்னு பீமராவ் தீர்ப்புல கிண்டல் பண்ணினாரு. தீர்ப்பு என்னன்னு என் காதுல விழலை. நான் முன்வரிசையையே பார்த்துகிட்டு இருந்தேன். அம்மா தட்டவும் இல்லை, அழவும் இல்லை. கையில இருந்த நோட்டீசை மடிச்சு மடிச்சுச் சின்னதாக்கிகிட்டு இருந்துச்சு.

கடைசி வரிசையில யாரும் இல்லை. கூட்டம் கலையுறதுக்கு முன்னாடியே எழுந்து போயிட்டான்.

திரும்பி வர்றப்ப டாக்சியில பால்பண்ணை தாண்டுற வரைக்கும் அம்மா அந்த நோட்டீசையேதான் மடிச்சுகிட்டு வந்துச்சு. சத்தியத்தைப் பாதி உடைச்சவளுக்குப் பேச என்ன இருக்கு. பாலத்து மேல ஏறுறப்ப, கீழ காவேரி மணலா கிடக்கிறதப் பார்த்துகிட்டே கேட்டுச்சு.

“அது யாரு பெத்த புள்ள வள்ளி?”

“உனக்குத் தெரியாதும்மா. கேள்விப்பட்டதுதான்.”

“பாவம். அவங்கம்மா இருக்காளா?”

“இருக்காங்க.”

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

அம்மா முந்தானையை இழுத்துப் போத்திகிச்சு. அப்புறம், “சொல்லிடாத”ன்னுச்சு. “பெத்தவ தாங்க மாட்டா. நம்ம அன்பு அந்த மட்டுக்கும் நல்லா இருந்தான்.”

எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. ரங்கா ரங்கான்னு கோபுரம் இருந்த திக்கைப் பார்த்துக் கும்பிட்டேன். கிழவிக்குப் புரியலை, பிழைச்சோம். வீட்டுக்கு வந்து அம்மா ரெண்டு வாய் மோர்ச்சோறு சாப்பிட்டுட்டு, அன்பு போட்டோ மாட்டியிருக்கிற முன்ரூமுக்குப் படுக்கப் போச்சு. அந்த ரூம்ல இருக்கிறது அவன் கட்டில்தான். அவன் போனதுலேர்ந்து அம்மாதான் அதுல படுக்கும்.

காலையில காபி எடுத்துகிட்டுப் போனேன். ரூம் கதவைத் திறந்ததும் அடுப்பு மாதிரி அனல் மூஞ்சியில அடிச்சுது. ஃபேன் ஓடலை. கரண்ட் போயிருக்குமோன்னு பார்த்தா, சமையல்கட்டுல ஃபிரிட்ஜ் சத்தம் கேட்குது. சன்னல் ஒண்ணு மட்டும் லேசாத் திறந்திருந்துச்சு. அம்மா கட்டில்ல இல்லை. கீழ வெறும் தரையில உட்கார்ந்திருந்துச்சு. ரவிக்கை தொப்பலா நனைஞ்சு முதுகோட ஒட்டியிருந்துச்சு. ராத்திரி பூரா தூங்கலைன்னு கண்ணைப் பார்த்தாலே தெரிஞ்சுது. கட்டில்ல வீட்ல இருக்கிற கம்பளி, ஜமுக்காளம், என் கல்யாணப் பட்டுப்புடவை வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணாப் போத்தியிருந்துச்சு.

“என்னம்மா இது, வெந்து சாகப் போறியா?”ன்னு பதறிப் போயி சுவிட்சுல கைய வச்சேன்.

“போடாத வள்ளி”ன்னுச்சு அம்மா, மெதுவா, தூங்குற பிள்ளை எழுந்துடுமேங்கிற மாதிரி. “ராத்திரி பூரா நடுங்கிட்டே இருந்தான். இப்பத்தான் உடம்புல சூடு ஏறுது.”

நான் சுவிட்சுலேர்ந்து கைய எடுத்தேன். திறந்திருந்த சன்னலையும் சாத்திட்டு, அம்மா பக்கத்துல தரையில உட்கார்ந்தேன்.