கடைசிப் பக்கத்துப் புள்ளிகள்

தியாகராசா கசற்றை நேராக வைத்துப் பார்த்தார். படுக்க வைத்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். அது உள்ளே போவதாக இல்லை. பெட்டியின் வாய் ஒரு சவர்க்காரக் கட்டி நுழையும் அளவுதான். அவர் கையில் இருந்ததோ சுன்னாகத்தில் வாடகைக்கு எடுத்துவந்த சினிமாப் படக் கசற். விறாந்தையில் பாய் விரித்து இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். முன்வரிசையில் பக்கத்து வீட்டுத் தவில்காரர் கதிரவேலு, கோயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே ஒரு மணித்தியாலமாக அசையாமல் இருந்தார். ஜேர்மனியில் இருந்து பெட்டி வந்திருக்கிறது என்றால் அது படம் போடுகிற டெக்தான். 1986இல் அளவெட்டியில் வேறுவிதமாக நினைப்பதற்கு ஒருவருக்கும் காரணம் இருக்கவில்லை. வெளிநாடு போன பிள்ளைகள் எல்லாம் அதைத்தானே அனுப்பினார்கள். அந்தத் துணிவில்தான் தியாகராசா தன் வீட்டு ரீவியைச் சைக்கிள் கரியரில் கட்டித் தங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒழுங்கை முழுக்க வீடு வீடாகச் சொல்லியும் வைத்திருந்தார்.

கடைசியில், பெட்டி வந்த மட்டையின் அடியில் ஜேர்மன் பத்திரிகைத் தாளில் சுற்றிய சின்னக் கறுப்புக் கசற் ஒன்று கிடந்ததைக் குணலட்சுமிதான் கண்டெடுத்தாள். அது அளவாகப் பொருந்தியது. ஏரியல் வயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெட்டியின் வயரைச் செருகி, ரீவியின் குமிழைத் திருகிக்கொண்டே போக, திரை கறுத்து வரிசை வரிசையாகப் பூச்சிகள் தோன்றின. படம் தொடங்கப்போகிறது, இது முன்னுக்கு வருகிற ஏதோ விளம்பரம் என்று சனம் பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பூச்சிகள் இடமும் வலமும் போய்வந்தன, ஒரு படி இறங்கின, கீழே நின்ற சின்னப் பீரங்கியைச் சுட்டன, எல்லாம் முடிந்து மறுபடியும் முதலில் இருந்து தொடங்கின.

கதிரவேலு எழும்பிச் சால்வையை உதறினார். "மேலை இருந்து சுடுறதையும் கீழை ஒளியிறதையும் பாக்க ஜேர்மனியிலை இருந்து பெட்டி வரவேணுமே? பின்னேரத்திலை ஆமியின்ரை ஹெலி வந்தாக் காணுமே."

சனம் சிரித்துக்கொண்டு கலைந்தது. தியாகராசாவின் முகத்தில் ஈயாடவில்லை. ரீவியை எடுத்துப்போகக்கூட மனமில்லாமல் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அவர் குணலட்சுமியின் தாய்மாமன். அவள் தகப்பன் செத்துப் பன்னிரண்டு வருடம். அன்று தொட்டு அந்த வீட்டின் காரியம் எல்லாம் மாமாதான். கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர் என்பதால் கடிதங்களும் அவர்தான். குணலட்சுமிக்கு இருபத்தொன்பது முடிந்துவிட்டது. பேசிவந்த இரண்டு இடம் கடைசி நேரத்தில் குழம்பிப் போயின. இது மூன்றாவது. மாப்பிள்ளை பஞ்சலிங்கம் சாவகச்சேரி ஆள், மூன்று வருடத்துக்கு முன் ஜேர்மனிக்குப் போனவர். சாதகம் எழுபத்தைந்து வீதம் பொருத்தம். அங்கே ஒரு கொம்பனியில் நல்ல வேலை என்று தரகர் சொன்னார். இரண்டு பக்கமும் படம் மாற்றியாகிவிட்டது. ஆவணிக்குள் முடிவு சொன்னால் பெண்ணை ஜேர்மனிக்குக் கூப்பிடுகிற அலுவலைத் தொடங்கலாம் என்று மாப்பிள்ளையின் தகப்பன் கேட்டிருந்தார். இதுவும் குழம்பினால் இனி ஒரு இடத்தைத் தேடித் தன்னால் நடக்க ஏலாது என்று மாமா வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

பெட்டியோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. கலியாணப் பதிவு எழுத்து முடியுமுன் பெண்ணுக்கு நேரே எழுதும் வழக்கம் இல்லை, மாமாவுக்குத்தான் எழுதவேண்டும். உறை ஒட்டியிருக்கவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் வாசித்து, பிறகு தரகர் வாசித்து, அதன் பிறகுதான் மாமாவின் கைக்கு வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். 'வேலை முடிந்து வந்தபின் ஓய்வு நேரத்தில் நான் விளையாடும் பெட்டியை அனுப்புகிறேன். இனி இதற்குக் குணலட்சுமிதான் சொந்தக்காரி. விளையாடிப் பார்த்துத் தன் அபிப்பிராயத்தைத் தெரிவிக்கச் சொல்லவும். உடன் உள்ள புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை தவறாது வாசிக்கச் சொல்லவும்.'

"முப்பத்திரண்டு வயசிலை விளையாட்டுச் சாமான்," என்றாள் தாய் பூரணம். "அதுவும் பாவிச்சது. இந்தப் பிடியைப் பாருங்கோ அண்ணை, ரப்பர் தேஞ்சுபோய்க் கிடக்கு. பொம்பிளை வீட்டுக்கு அனுப்பிற சாமானே உது?"

"ஜேர்மன் புத்தகத்தை அவள் கடைசிப் பக்கம்வரை வாசிக்கட்டாம்," என்றார் மாமா. "கொஞ்சம் விளையாட்டுப் பிள்ளை போலை. போகப்போகச் சரிவரும். உத்தியோகம் நல்லதெல்லே."

குணலட்சுமியை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சொந்தக்காரி அவள்தானே. அடுத்த நாள் காலை, பூரணம் தோட்டத்துக்கு இறங்கியபின், அவள் பெட்டியைப் போட்டாள்.

முதல் நாள் நாற்பது புள்ளி. பிடியை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரிவதற்குள் ஆட்டத்துக்குத் தரும் மூன்று பீரங்கியும் போய்விட்டன. இரண்டாம் நாள் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் நூற்றிருபது. இது என்ன விசர் வேலை என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டாள். ஏசிக்கொண்டே மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். காலை பத்தரைக்கு ஒழுங்கை முடிவில் பள்ளிக்கூடத்தின் இடைவேளை மணி அடிக்கும். அந்த மணி கேட்கும்போதெல்லாம் அவள் செய்கிற வேலையை விட்டு நிமிர்ந்து பார்ப்பாள். கம்பஸில் பட்டப்படிப்பு முடித்து அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் தொண்டர் ஆசிரியையாக நின்றாள். நியமனம் வரும் வரும் என்று நின்றது. நியமனம் வேறு யாருக்கோ வந்தது; அவளை இனி வரத் தேவையில்லை என்று அதிபர் மரியாதையாகச் சொன்னார். அதற்கும் இரண்டு வருடம் ஆகிவிட்டது. இந்த இரண்டு வருடமும் காலை பத்தரை என்பது வீட்டில் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாத நேரம். கூட்டியாயிற்று, சமையலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பேப்பரும் வாசித்தாயிற்று. இப்போது அந்த இடத்தில் பூச்சிகள் வந்து நின்றன.

ஒருநாள் பெட்டியின் சத்தத்தைக் கேட்டு வேலிக்கு அப்பால் இருந்து கதிரவேலு கூப்பிட்டார். "பிள்ளை, உந்தப் பெட்டி தவில் மாதிரி நாலு சொல்லைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுது. பிழையில்லை. ஆனாக் காலம் ஓடுது கண்டியோ? பூச்சி குறையக் குறையத் தட்டு விரைசாகுது. எங்கடை ஆக்கள் உப்பிடி வாசிச்சா மேடையிலை வைச்சு ஏச்சு விழும்."

அவர் சொன்ன பிறகுதான் அவளுக்கும் அது பிடிபட்டது. பூச்சிகளைக் குறைத்தால் ஆறுதல் கிடைக்கும் என்று பார்த்தால், மிஞ்சியது ஓடித் திரிகிறது. கடைசிப் பூச்சியைச் சுட்டு வீழ்த்தினாலும் முடிவில்லை. புது வரிசை இன்னும் ஒரு படி கீழே வந்து நிற்கும். ஒளிந்து நிற்கும் சுவரை எதிரி அரிப்பது போதாதென்று நாம் சுடுவதும் அரிக்கிறது. வெல்ல வழியே இல்லை, எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தோம் என்பதுதான் கணக்கு. இப்படி ஒரு சாமானை விலை கொடுத்து வாங்கி, ரப்பர் தேயுமட்டும் ஒரு மனிதர் வைத்து விளையாடியிருக்கிறாரே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வேலை முடிந்து களைத்து வருகிற ஆளுக்கு இதற்கு எங்கே நேரம்?

ஏழாம் நாள், பெட்டியின் முதுகில் இருந்த போட்டு அணைக்கிற இரண்டு சின்ன ஆளிகள் எதற்கென்று பார்க்கத்தான் அந்தப் புத்தகத்தை எடுத்தாள். படங்களைப் பார்த்துக்கொண்டே புரட்டினாள். கடைசியில் கோடு போட்ட வெற்றுப் பக்கங்கள் நாலைந்து இருந்தன. அவை வெற்றாக இல்லை. பொடி எழுத்தில், தமிழில், மேலிருந்து கீழ்வரை நிறைந்திருந்தன. 'திங்கள், காலை 9.40, 310. திங்கள், காலை 11.15, 450. செவ்வாய், காலை 10.00, 520. புதன், பிற்பகல் 2.30, 490.' இப்படியே மாதக்கணக்கில். புள்ளி ஆயிரமாகி, நாலாயிரமாகி, எண்ணாயிரத்தில் வந்து நின்றது. நடுவில் ஒரு வியாழக்கிழமைக்கு நேரே புள்ளி இல்லை. 'மழை. போடவில்லை. சும்மா இருந்தேன்' என்று மட்டும் இருந்தது.

அவள் இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாம் தரம் நேரங்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டு வாசித்தாள். கிழமை நாள் காலை பத்து மணிக்கு அறைக்குள் இருந்து பூச்சி சுடுகிற ஆளுக்கு எந்தக் கொம்பனியில் வேலை? வேலையே இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. முதலில் வந்தது கோபம்தான். பச்சைப் பொய் சொல்லி ஒரு குடும்பத்தையே ஏமாற்றுகிறார்கள் என்று எழும்பினாள். மாமாவின் கையில் புத்தகத்தைக் கொடுத்தால் போதும், இன்றைக்கே பேச்சு முறிந்துவிடும். வாசல்வரை போய்விட்டாள். அப்போது பள்ளிக்கூட மணி அடித்தது.

அவள் அப்படியே நின்றாள். இந்தப் புத்தகத்தைத் தெரியாமல் விட்டுவிட்டு அனுப்பவில்லை அந்த மனிதர். கடைசிப் பக்கம்வரை தவறாது வாசிக்கச் சொன்னார். தகப்பனும் தரகரும் வாசிக்கிற கடிதத்தில் எழுத முடியாததை, ஒருவரும் புரட்டமாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில் வைத்து அனுப்பியிருக்கிறார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த வியாழக்கிழமை மழைதான் கண்ணுக்குள் நின்றது.

சனிக்கிழமை மாமா பதில் கடிதத்தோடு வந்தார். வழக்கம்போல் அவரே எழுதி, குணலட்சுமி தன் கையெழுத்தில் பார்த்து எழுதுவதற்காகக் கொண்டுவந்திருந்தார். பெண் எழுதியது என்று அதைத் தன் கடிதத்துக்குள் வைத்து அனுப்புவாராம். கேட்டது அபிப்பிராயம்தானே, அதில் பிழையில்லையாம். 'தங்கள் அன்பளிப்புக் கிடைத்து மட்டற்ற மகிழ்ச்சி அடைந்தேன். எனது பாடசாலைக் கடமைகளுக்கு இடையே, விடுமுறை நாட்களில் மட்டும் விளையாடி வருகிறேன். மிகவும் பயனுள்ள பொருள்.'

"மாமா," என்றாள் அவள். "அவருக்கு அங்கை வேலை இருக்கெண்டு ஆர் சொன்னது?"

"இதென்ன கேள்வி? தரகர்தான்."

"நான் படிப்பிக்கிறனெண்டு அவையளுக்கு ஆர் சொன்னது?"

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுவும் தரகர்தான். நான்தான் சொல்லச் சொன்னனான்." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டே, "ரெண்டு வருசம் படிப்பிச்சனீதானே, பிள்ளை."

"படிப்பிச்சனான். இப்ப இல்லையே."

"இப்ப உதைக் கிளறாதை. அங்கை போனாப்பிறகு உன்னை ஆர் சேட்டிபிக்கற் கேக்கப்போகினம்? ரெண்டு முறை குழம்பினது காணும். எழுது மோனை, தபாற்கந்தோர் பூட்டமுந்திப் போகவேணும்."

பூரணம் அடுப்படி வாசலில் நின்று மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குணலட்சுமி மேசையில் போய் இருந்து, மாமா எழுதியதை ஒரு எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதினாள். 'பாடசாலைக் கடமைகளுக்கு இடையே' என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. வேலை முடிந்து வந்தபின் என்று அவரும் எழுதித்தானே இருக்கிறார். எழுதி முடித்து, கையெழுத்தும் வைத்தாள்.

பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்துக் கடைசித் தாளை விரித்தாள். எண்ணாயிரத்துக்குக் கீழே ஐந்தாறு கோடு மிச்சம் இருந்தது. நல்ல நிறுத்தமான எழுத்தில், கரும்பலகையில் எழுதுவதுபோல் எழுதினாள். 'திங்கள், காலை 10.15, 120. செவ்வாய், காலை 10.30, 260. புதன், காலை 9.50, 410. வியாழன், கரண்ட் இல்லை. சும்மா இருந்தேன். வெள்ளி, காலை 10.20, 640.' கடைசிக் கோட்டில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. 'அபிப்பிராயம்: வெல்ல ஏலாது. இரண்டு பேர் சேர்ந்து விளையாட வழி உண்டா?' தாளைக் கிழியாமல் மெல்ல உருவி எடுத்துக் கடிதத்துக்குள் மடித்து வைத்து, மாமாவிடம் கொடுத்தாள்.

தியாகராசா கடிதத்தை வரிவரியாகச் சரிபார்த்தார். திருப்தி. பிறகு அந்தத் தாளைப் பிரித்தார்.

"திங்கள், காலை பத்தே கால்…" அவர் வாய்விட்டு வாசித்தார். "செவ்வாய், காலை பத்தரை… உதென்ன உது?"

"விளையாட்டிலை எடுத்த புள்ளி, மாமா. மேலை கிடக்கிறது அவரின்ரை, கீழை என்ரை. அபிப்பிராயம் கேட்டவரெல்லே."

மாமா தாளைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, மேலும் கீழும் பார்த்தார். தோட்டத்துப் பக்கம் காகம் ஒன்று கத்தியது. பூரணம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"அவனுக்கு எண்ணாயிரம், உனக்கு அறுநூறு," என்றார் கடைசியில், ஒரு சிரிப்போடு. "சரி, சரி. மாப்பிள்ளைதானே வெல்லவேணும்."

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கடிதத்துக்குள் வைத்தார். உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினார். வழியில் பிரிந்துவிடக்கூடாதென்று மேசையில் வைத்து, பெருவிரலால் இந்த மூலையில் இருந்து அந்த மூலைவரை இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தார்.