மகேந்திரன் சாரின் கேட்கும் கலை

மகேந்திரன் சார் அன்று ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தவிருந்த பாடம், 'பிறர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி'. அந்த விஷயத்தில் தன்னை மிஞ்ச மைசூரில் ஆளில்லை என்பது அவர் எண்ணம். அதைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவர் கேட்பதில்லை.

வகுப்பை வீடியோ எடுத்துப் பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தர வேண்டும். அவர்களுக்குப் பிடித்துப்போனால் ஜூன் மாதம் இவர்தான் ஹெட்மாஸ்டர். அந்த நாற்காலிமேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். எனவே புதுச் சட்டை, வாடகைக்கு எடுத்த காலர் மைக், ஜன்னலோரம் ஸ்டாண்டில் ஃபோன் என்று ஏக தடபுடல்.

அவர் வகுப்பில் பிள்ளைகள் கைகட்டி உட்கார வேண்டும். அவர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் "யெஸ் சார்" என்று கோரஸ் பாட வேண்டும். சந்தேகங்களுக்கும் நேரம் ஒதுக்கியிருந்தார். மணி அடித்த பிறகு.

பாடம் தொடங்கியதுமே முதல் பெஞ்சு ஜீவிதா கையைத் தூக்கினாள். சற்றுமுன் சோதித்தபோது மைக்கில் எரிந்த பச்சை விளக்கு இப்போது அணைந்திருந்தது.

"சார், ஒண்ணு சொல்லோணுங்க…"

இருவருக்குமே சொந்த ஊர், தமிழர் அதிகமுள்ள ஹனூர்ப் பக்கம் என்பதால் அவளிடம் மட்டும் அவர் தமிழில் பேசுவார். "கையக் கீழ போடு கண்ணு. பெரியவங்க பேசறப்ப மொதல்ல கேக்கோணும். இன்னைக்குப் பாடமே அதுதான்."

"யெஸ் சார்!" என்றது வகுப்பு.

கை மறுபடியும் எழுந்தது. "இல்லீங்க சார், உங்க…"

"மாத்தாடபேடா!" பேசாதே என்று அதட்டினார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும்.

அதன்பின் அவள் வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் இறக்கவில்லை. விடுவாரா சார்? 'மரியாதை தெரியாதவர்களுக்கு உதாரணம்' என்று அவளையே சுட்டிக்காட்டினார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. பாவம், அந்தப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. மணி அடித்தது. "டவுட் இருக்கா?" என்று வாசலில் இருந்தபடி கேட்டுவிட்டு வெளியே போனார் சார்.

வீடியோவைப் போட்டுப் பார்க்காமலே குழுவிடம் கொடுத்தார். தான் பேசியதைத் தானே கேட்கும் பழக்கமும் அவருக்குக் கிடையாது.

குழுவினர் அவரையும் உட்காரவைத்துக்கொண்டு டிவியில் போட்டார்கள். சத்தம் வரவில்லை. ஒருவர் ரிமோட்டை அமுக்கினார், இன்னொருவர் வயரை ஆட்டினார். ஊஹூம். திரையில் சாரின் வாய் திறந்து திறந்து மூடியது. எதிரே ஒரு சின்னக் கை எழுந்தது. சார் அதை இறக்கச் சொல்லிக் கையசைத்தார். அது மறுபடி எழுந்தது. பிறகு வகுப்பே சிரிக்க, அந்தப் பெண் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையைத் தூக்கியபடியே இருந்தாள்.

குழுத் தலைவி மாதம்மா கேட்டார்: "என்ன சார் கேக்க வந்தா இந்தப் பொண்ணு?"

மகேந்திரன் சாருக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

ஜீவிதாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்து கைகட்டி நின்றாள்.

"அன்னைக்கு என்னம்மா சொல்ல வந்தே?" என்றார் மாதம்மா.

அவள் மகேந்திரன் சார் பக்கம் திரும்பி, பயந்துகொண்டே கேட்டாள்:

"இப்பப் பேசலாமுங்களா சார்?"