இருபதாவது கட்டத்தில் நீர்யானை

பொத்தான் தொழிற்சாலைக்கு நீர்யானை வந்த நாள் செவ்வாய்க்கிழமை, நேரம் எட்டு மணி பத்து நிமிடம். வேலை எட்டுக்கே தொடங்கிவிடும் என்பதால் வாசல் காவலாளி அதைத் தாமதப் பதிவேட்டில் ஏற்றினார். பெயர் என்ற இடத்தில் 'நீர்யானை' என்றும், பிரிவு என்ற இடத்தில், அது நேராகப் போய் நின்ற இடத்தை வைத்து, 'பேக்கிங்' என்றும் எழுதினார். காரணம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. கேட்டுப் பார்த்தேன், வாயைத் திறந்து காட்டியது, அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை என்று அவர் பிற்பாடு விளக்கம் கொடுத்தார். அன்று காலை வந்த இருநூற்றுப் பதினோரு பிராணிகளில் தாமதமாக வந்தது அது ஒன்றுதான்.

இத்தனைக்கும் காரணம் அலுவலகக் குமாஸ்தா. வயது நாற்பத்து மூன்று, கல்யாணம் ஆகவில்லை, அரைநாள் லீவுக் கடிதத்தைக்கூட மூன்று பிரதி எடுப்பவன் என்பதால் தொழிற்சாலையில் அவனுக்குக் கார்பன் என்று பெயர். தலைமை அலுவலகம் ஒவ்வொரு தொழிலாளியின் விவரத்தையும் ஒரே தாளில் கேட்டிருந்தது. தாளில் கட்டங்கள் இருபது. அவர்கள் அனுப்பிய கேள்விகள் பத்தொன்பது. வேறு யாராக இருந்தாலும் கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். கார்பனுக்குக் காலிக் கட்டம் என்றால் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. இரண்டு நாள் அதையே நாக்கால் துழாவிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் முடிவெட்டும் கடையில் காத்திருந்தபோது ஒரு பழைய வாரப் பத்திரிகையில் அந்தக் கேள்வியைப் பார்த்தான்: 'உங்களுக்குப் பிடித்த விலங்கு எது? நீங்கள் யார் என்று நாங்கள் சொல்கிறோம்.' பதில்கள் இருந்த பக்கத்தைக் கடைக்காரர் கத்தி துடைக்கக் கிழித்திருந்தார். அது அவனுக்கு ஒரு குறையாகப் படவில்லை. கட்டத்துக்குத் தேவை கேள்விதான். இரத்த வகை, செருப்பு அளவு ஆகியவற்றுக்குக் கீழே இருபதாவதாக அதை அச்சடித்தான். திங்கட்கிழமை மாலை எல்லாத் தாள்களும் அவன் மேசைக்கு வந்து சேர்ந்தன. செவ்வாய் காலை பிராணிகள் வந்தன.

எழுதியது வரவில்லை. எழுதுவதற்கு முன்னால் ஒரு கணம் மனதில் வந்து போனது எதுவோ அது வந்தது. இதைத் தேநீர் அறையில் கூடிப் பேசி, வியாழக்கிழமைக்குள் எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள். சிங்கம் என்று பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். ஒரு சிங்கமும் வரவில்லை. மேலாளர் சிங்கம் என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடிட்டிருந்தார். அவருக்கு வந்தது அடைக்கோழி. அது கையெழுத்தாகாத கோப்புகளின் மேல் ஏறி உட்கார்ந்தது, யார் கை நீட்டினாலும் கொத்தியது. அந்தக் கோப்புகள் அதற்கு முன்பும் நகர்ந்ததில்லை என்பதால் வேலை ஒன்றும் கெடவில்லை. கழுகு என்று எழுதிய உதவி மேலாளருக்கு ஓணான் வந்தது. மேலாளர் பேச வாயெடுப்பதற்குள் அது தலையாட்டிவிடும். உதவி மேலாளர் ஒரு நொடி பிந்தி ஆட்டுவார். துளை போடும் பிரிவில் எதிரெதிர் இயந்திரத்தில் நின்றுகொண்டு ஆறு வருஷமாகப் பேசாமல் இருந்த அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆளுக்கொரு பூனை வந்தது. பூனைகள் இரண்டும் ஒரே கூடையில் ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கின. "உன்னோடது காலை எடுக்கச் சொல்லு, என்னோடது மூச்சு விட முடியாம கெடக்கு" என்பது ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு. நாய் என்று எழுதி நாயே வந்தது வாசல் காவலாளிக்கு மட்டும்தான். அன்றிலிருந்து எல்லாரும் அவரிடம் ரகசியம் சொல்ல ஆரம்பித்தார்கள். அவருக்கு அது தொந்தரவாக இருந்தது.

நீர்யானை யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. அது பேக்கிங் பிரிவுத் தலைவியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது, நகரவில்லை. அவளை எல்லாரும் ரெட்டைமூட்டை என்பார்கள். இருபத்தைந்து கிலோ பொத்தான் மூட்டையைத் தோளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு ஒரே நடையில் லாரிக்குக் கொண்டுபோவாள். உடம்பும் அதற்கேற்ற உடம்பு. எட்டு வருஷத்துக்கு முன்னால் கடைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பிய புருஷன் இன்னும் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். அந்த எட்டு வருஷமும் அவளுடைய தாள்களை நிரப்பியது கார்பன். அவள் கையில் எப்போதும் பசையோ தூசியோ இருக்கும். ஜன்னலோரம் வந்து, "சார், நீங்களே ஏதாவது போட்டுக்குங்க. கையெழுத்த மட்டும் நான் போட்டுடறேன்" என்பாள். அவளுடைய இரத்த வகை, செருப்பு அளவு, கடைசியாகக் காய்ச்சல் வந்த தேதி எல்லாம் அவனுக்கு மனப்பாடம். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதை அவன் எங்கேயும் பதிவு செய்யவில்லை. இருபதாவது கட்டத்திலும் அவனேதான் எழுதினான். நாகரிகமாக இருக்கட்டும் என்று 'மான்' என்று எழுதினான்.

வெள்ளிக்கிழமை அவள் ஜன்னலுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் தாழ்வாரம் முழுக்க அடைபட்டு இருட்டாகிவிட்டது.

"சார், என் ஃபாரத்த நீங்கதான எழுதினீங்க?"

"ஆமா."

"மான்னு போட்டிருக்கு."

"ஆமா."

"போடறதுக்கு முன்னாடி என்ன நெனச்சீங்க?"

கார்பன் மைப்பெட்டியை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான்.

"சரி, விடுங்க. பின்னாடி நிக்குது பாருங்க, நீங்க நெனச்சது" என்றாள். அதற்குப் பிறகு அவனை அவள் சார் என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

ஊர் எதற்கும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். நீர்யானை பகலில் சூடான பொத்தான் வில்லைகளை ஆறவைக்கும் தண்ணீர்த் தொட்டியில் கிடந்தது. கண்ணும் காதும் மட்டும் வெளியே தெரியும். அந்தத் தொட்டியில் ஆறிய பொத்தான்களுக்கு லேசான சாம்பல் ரோஜா நிறம் வந்தது. வாடிக்கையாளர்கள் அந்த நிறத்தையே கேட்டு வாங்கினார்கள். சாயங்காலம் அது அவளோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தது. முதல் வாரம் நடத்துநர் மறுத்தார், இரண்டாவது வாரம் லக்கேஜ் டிக்கெட் கொடுத்தார், மூன்றாவது வாரம் உள்ளே பார்த்து "பின்னாடி கொஞ்சம் தள்ளி நில்லுப்பா" என்றார். அவள் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. தேநீர் அறையில் யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்தாள். பாதி நேரம் அது உண்மையாகவும் இருந்தது. மூட்டையை ஒவ்வொன்றாகத் தூக்க ஆரம்பித்தாள்.

இரண்டு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இருநூற்றுப் பதினோரு பிராணிகள் இருப்பதைப் பற்றி அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. அவற்றை வைத்து ஆட்களின் குணத்தைப் பிரித்து, குணத்துக்கேற்ற வேலை கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். அதற்கு ஓர் அட்டவணையும் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். கோழி: பொறுப்புணர்வு, பதவி உயர்வுக்கு ஏற்றது. ஓணான்: ஒத்துழைப்பு. பூனை: தனிமை விரும்பி, இருவரை அருகருகே நிறுத்தலாகாது. நீர்யானை: சோம்பல், முரட்டுக் குணம், மேற்பார்வைப் பொறுப்பு தரலாகாது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ரெட்டைமூட்டை கழிவுக் கொட்டகையில் உடைந்த பொத்தான் கூட்டும் வேலைக்குப் போகவேண்டும் என்று உத்தரவு. உத்தரவைத் தட்டச்சு செய்தவன் கார்பன். மூன்று பிரதி.

"எட்டு வருஷமா ரெண்டு ரெண்டா தூக்கறேன், நான் சோம்பேறியாம்" என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கார்பனிடம் மட்டும் சொல்லவில்லை.

அதே அட்டவணையில் கடைசியாக இன்னொரு வரி இருந்தது. பிராணி இல்லாதவருக்குக் குணம் இல்லை. குணம் இல்லாதவருக்கு வேலை இல்லை. தொழிற்சாலையில் அப்படி இருந்தது ஓர் ஆள்தான். இருநூற்றுப் பன்னிரண்டாவது தாள், கார்பனுடையது, பத்தொன்பது கட்டம் நிரம்பி இருபதாவது காலியாக அவன் இழுப்பறையிலேயே கிடந்தது. அவன் வாழ்க்கையில் விட்ட ஒரே காலிக் கட்டம் அது. அதிகாரி ஒரு வாரம் கெடு கொடுத்தார். உதவி செய்ய ஆள் இல்லாமல் இல்லை. தேநீர்க்காரர் ஓர் எலியைப் பிடித்துத் தருகிறேன், சட்டைப்பையில் போட்டுக்கொள் என்றார். வாசல் காவலாளி தன் நாயைக் காலையில் மட்டும் இரவல் தர ஒத்துக்கொண்டார், நாய் ஒத்துக்கொள்ளவில்லை. கார்பன் கட்டத்தில் பசு என்று எழுதிவிட்டு மறுநாள் காலை வாசலில் காத்திருந்தான். எதுவும் வரவில்லை. அழித்துவிட்டு ஆடு என்று எழுதினான், முயல் என்று எழுதினான், வெட்கத்தை விட்டு வாத்து என்றுகூட எழுதினான். ஒவ்வொரு தடவை பேனாவை எடுத்தபோதும் தொட்டிக்குள்ளிருந்து நீர்யானை தலையைத் தூக்கி அலுவலக ஜன்னலைப் பார்த்தது. அவன் மனதில் முதலில் வந்தது வேறு ஒன்றும் இல்லை. வந்ததுதான் ஏற்கெனவே வந்து தொட்டியில் கிடக்கிறதே, இனி எங்கிருந்து வரும்.

கெடு முடியும் நாள் மதியம் அவன் தொட்டியடிக்குப் போனான். அவள் சுவரில் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கிண்டலுக்கு இல்ல" என்றான்.

"எது?"

"அது." தொட்டியைக் காட்டினான். "எனக்குப் பிடிச்சது அதான். எட்டு வயசுலேர்ந்து. மிருகக்காட்சிசாலைல எல்லாரும் புலியப் பாக்கப் போனாங்க, நான் அங்கயே நின்னுட்டேன். மூணு மணி நேரம். ஒரே ஒரு தடவதான் மேல வந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். போதும்னு இருந்துச்சு. வெளிய சொன்னா சிரிப்பாங்க. அதனால என் ஃபாரத்துல எழுதல."

"அதுக்கு என் ஃபாரத்துல ஏன் எழுதின?"

"எழுதலையே. மான்னுதான எழுதினேன். உங்க பேரப் பாத்ததும் எனக்குப் பிடிச்சது ஞாபகம் வந்துச்சு. உடனே பயந்து மான்னு போட்டேன்."

அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினாள். முதல் தடவையாக அவனை முழுசாகப் பார்த்தாள்.

"மான். என்னப் பாத்தா மான் மாதிரியா இருக்கு? பொய் சொன்னாலும் ஒரு அளவு வேணாம்? அத மொதல்லயே சரியா எழுதியிருந்தா நான் ஏன்யா ரெண்டு மாசம் ஒத்த மூட்டை தூக்கப்போறேன்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கை கழுவப் போய்விட்டாள். அது மன்னிப்பா, திட்டா என்று கார்பனுக்குத் தெரியவில்லை. அப்படியே ஈரக்காலோடு, அதிகாரி உட்கார்ந்திருந்த மேலாளர் அறைக்குப் போனான்.

அதிகாரி காலிக் கட்டத்தைப் பேனா முனையால் தட்டினார். கார்பன், தனக்குப் பிடித்த விலங்கு நீர்யானை என்றும், தொட்டியில் கிடப்பது தன்னால் வந்தது என்றும், அட்டவணையில் உள்ள சோம்பலையும் முரட்டுக் குணத்தையும் தன் பெயரில் எழுதிக்கொண்டு பேக்கிங் தலைவியை விட்டுவிடும்படியும் சொன்னான். நாற்பத்து மூன்று வருஷத்தில் அவன் பிரதி எடுக்காமல் சொன்ன முதல் வாக்குமூலம் அது. அது ஏற்கெனவே ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது, ஒரே பிராணியை இரண்டு பேருக்கு எழுத முடியாது, உங்களுக்கு என்று தனியாக எதுவும் வரவில்லை, மன்னிக்கவும், என்று அதிகாரி வேலைநீக்கத் தாளை எடுத்தார். அதைத் தட்டச்சு செய்யவேண்டியவனும் கார்பன்தான் என்பதால் இருவரும் சிறிது நேரம் சங்கடமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது அறை இருட்டியது. ரெட்டைமூட்டை உள்ளே வந்தாள், அவள் பின்னால் நீர்யானை வந்தது, அதன் பின்னால் கதவின் சட்டம் வந்தது. மேலாளரின் கோழி கோப்புகளைவிட்டு முதல் முறையாக எழுந்து பீரோ மேல் பறந்தது. அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மேசை மேல் கிடந்த கார்பனின் தாளைத் திருப்பி, கையில் பசை இருக்கிறதா என்று புடவையில் ஒரு தடவை துடைத்துப் பார்த்துக்கொண்டு, அதிகாரியின் பேனாவையே வாங்கி, இருபதாவது கட்டத்தில் 'மேற்படி' என்று எழுதினாள். பிறகு தன்னுடைய தாளை எடுத்து மானை அடித்துவிட்டு நீர்யானை என்று எழுதினாள். எட்டு வருஷத்தில் கையெழுத்தைத் தவிர அவள் எழுதியது அந்த இரண்டு வார்த்தைகள்தான்.

"இப்ப எழுதியாச்சு. போதுமா சார்?" என்று அதிகாரியிடம் கேட்டாள்.

அதிகாரி அட்டவணையை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தார். ஒரு பிராணிக்கு இரண்டு ஆள் என்றால் குணத்தை எப்படிப் பிரிப்பது என்று அதில் இல்லை. நீர்யானை மேசை விளிம்பில் மோவாயை வைத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருவரும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதிவிட்டு சாயங்கால ரயிலைப் பிடித்தார். அட்டவணை அதற்குப் பிறகு தேநீர் அறையில் டம்ளர் வைக்கப் பயன்பட்டது.

அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டது அடுத்த வருஷம். கார்பன் தன் ஓட்டு வீட்டை விட்டுவிட்டு, பின்பக்கம் பெரிய தொட்டி இருந்த அவள் வீட்டுக்குக் குடிபோனான். கடைக்குப் போன பழைய புருஷன் ஒருநாள் திரும்பி வந்து வாசலில் நின்றதாகவும், உள்ளேயிருந்து நீர்யானை எட்டிப் பார்த்ததும், மறந்துபோன ஏதோ சாமானை வாங்கக் கடைக்கே திரும்பிப் போய்விட்டதாகவும் அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். மேலாளரின் கோழி பன்னிரண்டு குஞ்சு பொரித்தது. மேலாளர் ஓய்வு பெற்றார். கோப்புகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. ரெட்டைமூட்டை மறுபடி இரண்டு இரண்டாகத் தூக்குகிறாள். தாள்களை இப்போதும் கார்பன்தான் நிரப்புகிறான். ஆனால் எழுதுவதற்கு முன்னால் என்ன நினைத்தாய் என்று பக்கத்தில் நின்று கேட்கிறாள், அதனால் நேரம் பிடிக்கிறது.

நீர்யானை இன்றுவரை நேரத்துக்கு வந்ததில்லை. காலையில் தொட்டியைவிட்டு எழுந்திருக்க அதற்குப் பத்து நிமிடம் கூடுதலாக வேண்டும். அதை விட்டுவிட்டு அவர்கள் இருவரும் கிளம்புவதில்லை. தாமதப் பதிவேட்டில் தினமும் எட்டு பத்துக்கு மூன்று வரி இருக்கிறது. முதல் வரி நீர்யானையுடையது. காரணம் என்ற இடத்தில் வாசல் காவலாளி 'தூக்கம்' என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே இரண்டு வரியிலும் மேற்படி, மேற்படி.