நாலு மணி வெடி

நெஸ்டா பாரியின் வீட்டுக் கடிகாரம் இருபது நிமிடம் முந்தி ஓடும் என்பது ஊரறிந்த சங்கதி. அதனால் அவள் கணவன் இட்வால் எங்கேயும் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பான். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்குச் சேப்பல் கதவைத் திறக்க ஆள் வரும்போது அவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி படியில் நின்றிருப்பான். "இட்வால் தன் சாவுக்கே இருபது நிமிஷம் முன்னாடி வந்து காத்துக்கிட்டிருப்பான்" என்று குவாரியில் சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் கூடச் சிரிப்பான். கடிகாரத்தைச் சரியாக வை என்று ஒரு நாளும் மனைவியிடம் சொன்னதில்லை. அவளும் வைத்ததில்லை. பத்தொன்பது வருடமாக அது அப்படித்தான் ஓடியது.

அந்தப் பிப்ரவரி மாதத்துப் பிற்பகலில் பஸ் ப்ரின்லி அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். ஊரில் மூன்று ப்ரின்லிகள் இருந்தார்கள். இவன் பஸ் கண்டக்டர். ஓய்வு நாட்களில் மலைகளில் ஏறி, விழுந்து கிடக்கும் விமானங்களைப் பற்றிக் குறிப்பெடுப்பது இவன் பழக்கம். போர்க்காலத்தில் மேகத்துக்குள் வழி தவறி மலையில் மோதியவை, போருக்குப் பிறகு வந்து மோதிய பயணிகள் விமானம், எல்லாமே அந்த நோட்டில் இருந்தன. வடக்கு வேல்ஸ் மலைகளில் மட்டும் நாற்பத்தாறு. ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், இறந்தவர்கள், சத்தம் கேட்டவர் பெயர் என்று கட்டம் போட்டிருந்தான்.

நெஸ்டா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அவனை உள்ளே உட்கார வைத்தாள். தேநீரும், திராட்சை போட்ட ரொட்டியில் இரண்டு துண்டும், மேலே கெட்டியாக வெண்ணெயும் வைத்தாள்.

"இவ்ளோ வெண்ணெயா? இதை முடிச்சா நான் பஸ்ல ஏற முடியாது. பஸ்தான் என் மேல ஏறணும்" என்றான் ப்ரின்லி.

"சாப்பிடு. எலும்பும் தோலுமா இருக்கே."

அவன் நோட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான். பதினேழாவது பதிவு. ஃபோயல் மலை, 1943 ஜனவரி. பயிற்சி விமானம். நான்கு பேர். நேரம் என்ற கட்டமும், சத்தம் கேட்டவர் என்ற கட்டமும் காலியாக இருந்தன.

"இது ஒண்ணுதான் நிரம்பாம இருக்கு, மிசஸ் பாரி. உங்க வீடுதானே கடைசி வீடு. இதுக்கு மேல மலைதான்."

"அன்னிக்கு மூடுபனி" என்றாள் நெஸ்டா.

"தெரியும். அதான் மோதிடுச்சு. ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"மூடுபனியில என்ன கேக்கும்."

ப்ரின்லி சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். நீல மையில் சிறிய எழுத்து. "இங்கிலாந்திலேர்ந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. நாலாவது ஆளோட அக்கா. லென்னார்ட்னு பேரு அந்தப் பையனுக்கு. விழுந்த உடனே எல்லாரும் போய்ட்டாங்கன்னு விமானப்படையிலேர்ந்து கடிதம் வந்துதாம். இவங்களுக்கு அதுல நம்பிக்கை இல்ல. யாராவது சத்தம் கேட்டாங்களா, கேட்டா எத்தனை மணிக்கு, அது மட்டும் தெரிஞ்சா போதும்னு கேக்கறாங்க."

நெஸ்டா கடிதத்தைத் தொடவில்லை. திரும்பவும் போய்க் கிழங்குப் பாத்திரத்தில் கையை விட்டாள். தண்ணீர் குளிர்ந்திருந்தது. அவள் கைக்கு அது தெரியவில்லை. ரொம்ப வருடமாகவே அவள் கைகளுக்குக் குளிர் அவ்வளவாகத் தெரிவதில்லை.

நாலாவது ஆளைப் பற்றி ஊருக்கே தெரியும். மூன்று நாள் கழித்து மூடுபனி விலகியபோது ஆடு தேடிப் போன மேய்ப்பன் வில்தான் பார்த்தான். மூன்று பேர் விமானத்துக்குள். ஒருவன் மட்டும் ஆட்டுப்பட்டியின் கற்சுவர் வரை தவழ்ந்து வந்து, கற்களை எடுத்துத் தன்னைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு அடுக்கி, பாராசூட் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தான். சட்டைப் பையில் சாக்லேட் காகிதம் இரண்டு, நான்காக மடித்து. அந்தப் பட்டியிலிருந்து நெஸ்டாவின் வீட்டுக்கு அரை மணி நேர நடை. அவன் வீட்டாருக்கு எதற்கு இதெல்லாம் என்று யாரும் வெளியே சொல்லவில்லை.

வெளியே குவாரியின் சங்கு ஊதியது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. பிறகு வெடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. பலகைக்கல் வெட்டும் ஊரில் இதற்கு யாரும் தலை நிமிர்வதில்லை. நாலு மணி வெடி என்றால் நாலு மணி. பெண்கள் அதை வைத்துத்தான் கடிகாரத்தைச் சரிபார்ப்பார்கள்.

ப்ரின்லி பழக்கத்தில் பைக்கடிகாரத்தை எடுத்துப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

"உங்க வீட்டுக் கடிகாரம் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். அப்படியே இருபது நிமிஷம். ஒரு நிமிஷம் கூடக் குறைச்சல் இல்ல. எங்க கம்பெனி பஸ் கூட இவ்ளோ ஒழுங்கா தப்பா ஓடாது" என்று சிரித்தான்.

"வாரா வாரம் பார்த்து அப்படி வைக்கறேன்."

"எதுக்கு?"

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

"எத்தனை வருஷமா?"

"அன்னிலேர்ந்து" என்றாள் நெஸ்டா.

ப்ரின்லி ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தான். அவள் கிழங்கைச் சீவிக்கொண்டே சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடையில் என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிறவள் மாதிரி சொன்னாள்.

அன்றைக்குத் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். டம் என்று ஒரு சத்தம். ஜன்னல் அதிர்ந்தது. சங்கு ஊதிய மாதிரி நினைவில்லை, மூடுபனியில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டாள். கடிகாரம் நாலுக்கு இருபது நிமிடம் இருப்பதாகக் காட்டியது. குளிரில் பின்தங்கிவிட்டது போலிருக்கிறது என்று, இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் ஏறி முள்ளை நாலுக்குத் தள்ளி வைத்தாள். இறங்கி மறுபடி தேய்த்தாள். அவ்வளவுதான்.

"மூடுபனியில வெடி வைக்க மாட்டாங்களே" என்றான் ப்ரின்லி மெதுவாக.

"மாட்டாங்க. ஆள் எங்க நிக்கறான்னு தெரியாம எப்படி வைப்பாங்க. சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும்."

"அப்ப..."

"கை தானா போச்சு. காது கேட்டுச்சு, கை முள்ளைத் தள்ளிச்சு. நான் நடுவில வரவே இல்ல."

ப்ரின்லி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தான். நேரத்தோடு வாழ்கிறவன் அவன். "போர்க்காலத்துல குளிர்காலத்திலயும் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி வச்சிருந்தாங்க. இருட்ட அஞ்சரை ஆகியிருக்கும்" என்று ஆரம்பித்தவன், யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

"அஞ்சு இருபத்தஞ்சு" என்றாள் நெஸ்டா. "நான் பஞ்சாங்கத்துல பார்த்தேன்."

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். அது கையின் தவறு, காதின் தவறு என்று போயிருக்கும். ஆனால் மிச்சமும் இருந்தது. அன்றைக்கு இட்வால் ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வீட்டுக்கு வந்தான். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "கடிகாரத்துக்கு என்ன பைத்தியமா? அஞ்சு பத்துங்குது" என்றான். "நாலு மணி வெடிக்குத்தான் வச்சேன்" என்றாள் இவள். "எந்த வெடி? இன்னிக்கு நாங்க எல்லாரும் கல் அறுக்கற கொட்டகையிலதான் இருந்தோம். வெடியே வைக்கல" என்றான் அவன். ஒரு பூட்ஸ் கையில், ஒன்று காலில். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே இன்னும் சாம்பல் வெளிச்சம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இட்வால், "சோத்தைப் போடு" என்றான். அவள் போட்டாள். சாப்பிட்டார்கள்.

மறுநாள் விமானப்படை லாரிகள் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்து மலைக்குப் போயின. விமானம் அந்தப் பக்கம்தான் விழுந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நெஸ்டா வாசலில் நின்று அவை போவதைப் பார்த்தாள். ஓடிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று நின்றாள். அடுத்த நாளும் நின்றாள். மூன்றாம் நாள் வில் மலையிலிருந்து செய்தியோடு இறங்கி வந்தான்.

இதையெல்லாம் அவள் சொல்லி முடித்தபோது கிழங்கும் முடிந்திருந்தது. இரண்டு பேருக்கு வேண்டியதைவிட நிறையவே சீவியிருந்தாள்.

"இதை எழுதினா அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிடும், மிசஸ் பாரி. ஊருக்கும்."

"எழுது. மூணு நாப்பது. பேரு நெஸ்டா பாரி."

அவன் பென்சிலை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்து எழுதினான். அழுத்தி எழுதவில்லை.

அப்போது இட்வால் உள்ளே வந்தான். கல்தூள் படிந்த தொப்பியை ஆணியில் மாட்டினான். "என்ன ப்ரின்லி, எங்க வீட்டையும் உன் நோட்டுல விழ வச்சுட்டியா?" என்று சிரித்தபடி மேசைக்கு வந்தவன், திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் மாதிரி மெதுவாகப் படித்தான். மனைவியைப் பார்க்கவில்லை.

"என் பேரையும் போடு" என்றான்.

"நீங்க கொட்டகையிலதானே இருந்தீங்க. ரம்பச் சத்தத்துல என்ன கேட்டிருக்கும்?"

"அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இவ சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். அப்படியே போடு. அப்பவும் வெளிச்சம் இருந்துதுன்னும் போடு."

கட்டத்தில் இடம் இல்லை. ப்ரின்லி ஓரத்தில் எழுதினான். நோட்டை மூடி உறையில் போட்டு எழுந்தான். அவனுக்கு ஐந்து இருபது பஸ்.

கதவருகே நின்று, "கடிகாரத்தை இனிமேலாவது..." என்று இழுத்தான்.

"பின்னாடி தள்ளக் கூடாது. மணி அடிக்கற சக்கரம் கெட்டுடும்" என்றான் இட்வால்.

"தள்ள வேண்டாம். முள்ளு இப்ப அஞ்சு இருபதுல இருக்கு பாருங்க, நிஜத்துல மணி அஞ்சுதான். ஊசலை நிறுத்திடுங்க. சேப்பல் வளைவுல டிரைவர் ஹார்ன் அடிப்பார். அப்ப ஓட விடுங்க. சரியா இருக்கும்."

"உன் பஸ் நேரத்துக்குக் கிளம்புமா?"

"இன்னிக்குக் கிளம்பும்" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

இட்வால் நெஸ்டாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் நாற்காலியில் ஏறிக் கண்ணாடிக் கதவைத் திறந்து ஊசலை இரண்டு விரலால் பிடித்து நிறுத்தினான். வீட்டில் சத்தம் நின்றது. இவ்வளவு நாளும் அந்தச் சத்தம் இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்தார்கள். அடுப்பில் கிழங்குத் தண்ணீர் கொதித்தது. ஜன்னலில் சாம்பல் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நெஸ்டா அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இட்வால் ஒரு பூட்ஸைக் கழற்றினான். மற்றதைக் கழற்ற மறந்துவிட்டான்.

"கிழங்கு ஏன் இவ்ளோ போட்டிருக்கே?" என்றான்.

"தெரியல."

வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது. இருபது நிமிடம் இவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு மனிதன் எத்தனை கல் அடுக்கலாம் என்று நினைத்தாள்.

சேப்பல் வளைவில் ஹார்ன் கேட்டது. இருவரும் உடனே எழுந்திருக்கவில்லை. பிறகு நெஸ்டாதான் நாற்காலியில் ஏறினாள்.